சார்ட் பேப்பர் கிரீடம் செய்யும் எளிய முறை

1

இது கதையாகவே இருந்திருக்க வேண்டியதில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிறு இணைப்பிதழின் உதவி ஆசிரியர் அருள்முருகன் போன் செய்து, "மேடம், பர்த்டே பார்ட்டிக்குக் குழந்தைகளே செய்யிற மாதிரி பத்து ஈஸி கிராஃப்ட் வேணும். ஒவ்வொண்ணுக்கும் அறுபது வார்த்தை, ஒரு போட்டோ. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றார். சரி என்றேன். எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

முதல் தொடக்கம் இது: "தேவையான பொருள்கள்: சார்ட் பேப்பர், ஃபெவிகால், கத்தரிக்கோல், பொறுமை." பொறுமை என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "செட்டிநாட்டின் பிரம்மாண்டமான மாளிகைகளின் நிழலில்..." இதையும் அடித்தேன். காரைக்குடி என்று எழுதினாலே பேனா தானாகப் போய்த் தேக்குத் தூணில் சாய்ந்து நின்றுகொள்கிறது. இந்தக் கதையில் தூண் கிடையாது. செக்காலைப் பகுதியில் ஒரு கான்கிரீட் வீடு இருக்கிறது. கீழே விக்னேஸ்வரன் குடும்பம், மாடியில் வாடகைக்கு நான்.

மூன்றாம் தொடக்கம்: "கிருஷ்ணப்ரியாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வயது ஆகிறது."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கிருஷ்ணப்ரியா விக்னேஸ்வரனின் ஒரே மகள். நாலாம் வகுப்பு. இந்த வருடம் பிறந்தநாள் விழாவில் எல்லாமே தன் கையால் செய்ததாகத்தான் இருக்கும் என்று வகுப்பில் அறிவித்துவிட்டாள். கூப்பிட்டிருப்பது பதினோரு பேரை. ஆளுக்கொரு கிரீடம்.

நான் பத்து கைவினைகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது கீழ் வீட்டில் பதினோரு கிரீடங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாலை கீழே போய்ப் பார்த்தேன். ஹாலில் பாயில் வரிசையாக வைத்திருந்தாள்.

[இங்கே "அழகாக இருந்தன" என்று எழுதியிருந்தேன். பொய். எடுத்துவிட்டேன்.]

கோணலாக இருந்தன. ஒன்றில் வலப்பக்கம் யாரோ கடித்த மாதிரி வளைவாக வெட்டியிருந்தது. ஒன்று பின்பக்கம் ஒட்டாமல் திறந்து கிடந்தது. ஒன்று சின்னது, ஒன்று ரொம்பப் பெரியது. முனைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்கின. எல்லாவற்றிலும் உட்பக்கம் ஒரு தையல் நூல் ஒட்டியிருந்தது. ஏதோ ஒட்டும்போது மாட்டிக்கொண்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்புடி இருக்கு ஆச்சி?" என்றாள்.*

"சூப்பர்" என்றேன்.

* அடிக்குறிப்பு வைக்கிற கதை இல்லை இது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊரில் நகரத்தார் (செட்டியார்) வீட்டுப் பெண் என்றால் எந்த வயதிலும் ஆச்சிதான். பாட்டி ஒருத்தி கதை சொல்கிறாள் என்று நீங்கள் நினைத்துவிட்டால் என் மனம் புண்படும்.

3

இப்போது விக்னேஸ்வரன். இந்த ஆளை எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் வரைவில் அவரைக் கொடுமைக்கார அப்பாவாக எழுதினேன். மீசை வைத்தேன். "என்னத்தா இது, கோழி கிண்டுன மாதிரி!" என்று கத்த வைத்தேன். படித்துப் பார்த்தால் யாரோ ஒரு ஆள் வந்து கத்திவிட்டுப் போகிறான். விக்னேஸ்வரன் கத்தி நான் கேட்டதே இல்லை.

அவர் ஆசாரி. பரம்பரைத் தொழில்தான், ஆனால் இப்போது செய்வது மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட். கல்லல் பக்கம் வரைக்கும் ஆர்டர் இருக்கிறது. கையை வெட்டினாலும் அளவு எடுக்காமல் ஒரு பலகையைத் தொட மாட்டார். ஒரே ஒரு வியாதி உண்டு. கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காது. என் வீட்டுக்குத் தண்ணீர் மோட்டார் பார்க்க வந்தால் முதலில் காலண்டரை நேராக்குவார். போன புரட்டாசியில் எல்லோருமாகத் திருக்கோஷ்டியூர் போனோம். நாங்கள் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தபோது, இவர் துளசித் தட்டு வைத்திருந்த ஸ்டூல் ஆடுகிறதென்று ஒரு அட்டையை மடித்து அதன் காலுக்கடியில் செருகிக்கொண்டிருந்தார்.

மகளிடமும் அப்படித்தான். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கிருஷ்ணப்ரியா வாசல் கேட்டுக்கு ஓடிவருவாள். கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். ஒருநாள் வரைந்த படம், ஒருநாள் மண்ணில் பிசைந்த யானை, ஒருநாள் விழுந்த பல். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்ப்பார். "நல்லா இருக்குத்தா" என்பார். சொல்லிக்கொண்டே யானையின் காலை லேசாக அமுக்கி நேராக நிற்க வைப்பார். அவளும் விட்டுவிடுவாள். யார் எதைக் கொடுத்தாலும், எதைச் செய்தாலும், அவள் முதலில் காட்டுவது அவரிடம்தான். அம்மா மீனாம்பிகைக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அவர் நர்ஸ், அந்த வார இறுதி முழுக்கப் பகல் டியூட்டி. அதனால் கதையில் அதிகம் வர மாட்டார், மன்னிக்கவும்.

(கெட்டவன் இல்லாத கதையில் கெட்ட காரியம் நடந்தால் வாசகர் யாரைத் திட்டுவது? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. கொஞ்சம் பொறுங்கள்.)

4

சனிக்கிழமை காலை கிருஷ்ணப்ரியா கராத்தே வகுப்புக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் விக்னேஸ்வரன் ஹாலில் உட்கார்ந்து, மூலைமட்டமும் ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்துக்கொண்டு, பதினோரு கிரீடங்களையும் நேராக்கிவிட்டார்.

எல்லாம் ஒரே உயரம். ஒரே சுற்றளவு. ஒவ்வொன்றிலும் ஏழு முனை. வளைந்து வெட்டியிருந்த இடத்தில் புதுக் காகிதம் ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்திருந்தார். கிச்சன் கேபினட் கதவுகள் மாதிரி வரிசையாக நின்றன.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்தாள். வெள்ளைக் கராத்தே உடையோடு பாயின் முன்னால் நின்றாள்.

"இது யாரு செஞ்சது?"

"நீ செஞ்சதுதான்த்தா. லேசா நேராக்கியிருக்கு" என்றார் விக்னேஸ்வரன்.

அவள் ஒன்றை எடுத்துத் திருப்பி உள்ளே பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். "நூலு எங்க?"

"எந்த நூலு?"

"உள்ள ஒட்டியிருந்துச்சே."

"அதா? குப்பைன்னு பிச்சுப் போட்டேன்."

"அது அளவுப்பா" என்றாள்.

விக்னேஸ்வரன் முகத்தை நான் பார்த்தேன். அதை வர்ணிக்க மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அளவு என்ற சொல்லில் பிழைக்கிற மனிதர் அவர். நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளாகச் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் நூலைச் சுற்றி, வெட்டி, ஆளுக்கொரு விதமாக முடிச்சு அடையாளம் போட்டு வைத்திருந்தாளாம். எது யாருடையது என்று மறந்துவிடக் கூடாதென்றுதான் கிரீடத்துக்குள்ளேயே ஒட்டியிருக்கிறாள்.

"முகேஷுக்கு வலது காதுக்குப் பின்னாடி மிஷின் இருக்குப்பா. எதாச்சும் இடிச்சா கிய்யுன்னு கத்தும். அவன் கழட்டிப்புடுவான். அப்பறம் யாரு பேசுறதும் கேக்காது. அதான் அங்குட்டு வளைச்சு வெட்டியிருந்தேன். நித்யஸ்ரீ ரெண்டு கொண்டை போட்டு வருவா. அவளுக்குப் பின்னாடி தொறந்து இருக்கணும்."

"ஒரு மணி நேரம் பொறுத்தா, அப்பா புதுசா செஞ்சு தாரேன்."

"நீங்க செய்யாதீக."

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் கதை எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். மாடிப்படியில் நின்ற என்னைப் பார்த்து, ஆனால் அவருக்குக் கேட்கிற மாதிரி, "இனிமே நான் செய்யுறது எதையும் அப்பாகிட்ட காட்ட மாட்டேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும், சாயங்காலம் மறந்துவிடும் என்பீர்கள். அப்படித்தான் நானும் நினைத்தேன். அன்று நாலு மணிக்கு அவர் கடைக்குப் போய்விட்டு வந்தார். வண்டிச் சத்தம் கேட்டது. கேட்டுக்கு யாரும் ஓடிவரவில்லை. அவர் ஹெல்மெட்டோடு கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

5

நாலாம் பகுதியின் முதல் பத்தியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "விக்னேஸ்வரன் ஹாலில் உட்கார்ந்து... நேராக்கிவிட்டார்." இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதில் ஒரு ஆள் குறைகிறது.

நான்.

(இந்தக் கதையை இரண்டு தடவை என்னை விட்டுவிட்டே எழுதி முடித்தேன். இரண்டு தடவையும் நன்றாகவே வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.)

அன்று காலை பத்து மணிக்கு நான்தான் போனை எடுத்துக்கொண்டு கீழே போனேன். போட்டோ எடுத்தேன். திரையில் கிரீடங்கள் படு மோசமாகத் தெரிந்தன. அருள்முருகன் என்ன சொல்வார் என்று தோன்றியது.

"விக்னேஸ்வரன், இதக் கொஞ்சம் நேராக்கித் தர முடியுமா? போட்டோவுக்குத்தான்."

"வேணாம் ஆச்சி. பிள்ளை செஞ்சது. வந்து கேக்கும்."

ஆமாம், கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காத அந்த மனிதர் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். "ஒண்ணு மட்டும்" என்றேன் நான். "ஒண்ணே ஒண்ணு. ஓரமா இருக்கே, அது."

ஒன்றைச் செய்தார். அப்புறம் நடந்தது உங்களுக்கே புரியும். ஒன்று நேரானதும் பக்கத்தில் இருந்தது முன்னைவிடக் கோணலாகத் தெரிந்தது. அதையும் எடுத்தார். மூன்றாவதை நானே எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது வந்தபோது இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்தோம். நான் டீ போட்டு எடுத்து வந்தேன். வேலை நன்றாக ஓடுகிறபோது வருகிற சந்தோஷம் அது. யாருக்காக என்பது மறந்துபோயிருந்தது.

நூல்களைப் பிய்த்தது அவர் இல்லை. அவர் வெட்ட வெட்ட, உட்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டது நான். பதினொன்றரைக்குக் குப்பை வண்டி வந்து தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனது.

"பிச்சுப் போட்டேன்" என்று அவர் சொன்னபோது நான் படியில்தான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மகளின் கோபத்தை முழுசாக வாங்கிக்கொண்டார். நான் என் வீட்டுக்கு ஏறிப்போய், கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

6

மாலை ஐந்து மணிக்கு அவள் கதவைத் தட்டினேன். திறந்தாள். தரையில் புது சார்ட் பேப்பர் விரித்திருந்தாள். அம்மா டியூட்டிக்கு எடுத்துப் போகாமல் விட்டிருந்த பழைய போனில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, முகேஷ் தலையச் சுத்தி நூல் வச்சு, அத ஸ்கேல்ல வச்சு எத்தன சென்டிமீட்டர்னு சொல்லுங்க. அவன் ஆடாம இருக்கணும்."

ஏழு அம்மாக்கள் அளவு அனுப்பியிருந்தார்கள். நாலு பேரிடமிருந்து பதில் இல்லை.

"நான் வெட்டித் தரவா?" என்றேன்.

"வேணாம் ஆச்சி. உங்களுக்கு நேரா வெட்ட வராது."

நேரடியாக விஷயத்துக்கு வந்தேன். போட்டோவைச் சொன்னேன். "ஒண்ணு மட்டும்" என்று கேட்டதைச் சொன்னேன். நூலைச் சொன்னேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்ப அப்பா பொய் சொன்னாகளா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நான் திட்டு வாங்கக் கூடாதுன்னு."

கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்தாள். "நீங்க எழுதுறத யாராச்சும் நேராக்குவாகளா ஆச்சி?"

"அருள்முருகன்னு ஒருத்தர் இருக்கார். நேராக்குவார்."

"அப்ப என்ன செய்வீக?"

"ரெண்டு நாள் அவரோட பேச மாட்டேன். அப்பறம் பேசுவேன்."

லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் எழுந்து வந்திருப்பார். நான் வரவில்லை. "அப்ப அப்பா மேல கோவம் இல்லேல்ல?" என்று கேட்டேன்.

சிரிப்பு போய்விட்டது. "நீங்க கேட்டீக, சரி. உங்களுக்கு என் கை தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்ல? நான் எதையும் சும்மா வெட்ட மாட்டேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒப்புக்கொண்டதில் என் பாரம்தான் இறங்கியது. அவர் பாரம் அங்கேயேதான் இருந்தது.

மேலே போய் அருள்முருகனுக்குப் போன் செய்து, பத்து கைவினைகள் வராது என்றேன். "போட்டோவாவது இருக்கா மேடம்?" என்றார். நேர்வரிசையில் பதினோரு கிரீடங்கள் நிற்கிற போட்டோ போனில் இருந்தது. இல்லை என்றேன்.

7

முடிவு எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது. என்னிடம் இருப்பவை:

முடிவு அ: ஞாயிறு காலை அவள் அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். [இணைப்பிதழுக்குப் பொருத்தம். ஆனால் இதில் ஏழு முனையும் ஒரே உயரம்.]

முடிவு ஆ: முகேஷ் நேரான கிரீடத்தை மாட்டிக்கொள்கிறான், மிஷின் கத்துகிறது, விக்னேஸ்வரன் தலைகுனிகிறார். [அந்தப் பிள்ளையை இதற்காக அழ வைக்க எனக்கு மனசில்லை.]

முடிவு இ: பல வருடம் கழித்து, பெரிய கட்டடக் கலைஞராகிவிட்ட கிருஷ்ணப்ரியா, ஒரு விமான நிலையத்தில்

வேண்டாம்.

ஆகவே முடிவு எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

8

பரிசுப் பொட்டலத்தோடு இறங்கிக் கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றேன். கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. விக்னேஸ்வரன் எனக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. காலையிலிருந்து எதையும் தொடக் கூடாது என்று உத்தரவாம். சுவரில் அவள் ஒட்டிய காகிதத் தோரணம் ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. அவருக்கு நேர் எதிரே. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்திருந்தார். பாவமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அறைக்கதவு திறந்தது. கிருஷ்ணப்ரியா வந்தாள். கையில் ஒரு பச்சைக் கிரீடம். மற்றவை உள்ளே இருந்திருக்க வேண்டும். இதை மட்டும் எடுத்து வந்திருந்தாள். முந்தாநாள் பார்த்தவற்றைவிடக் கோணல். ஒரு முனை எங்கோ மேலே போயிருந்தது, பக்கத்து முனை பாதியில் நின்றுவிட்டது.

வந்து அவர் முன்னால் நின்றாள். நீட்டவில்லை. ஒளிக்கவும் இல்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. "தொடாதீக, தொடாதீக" என்று மனசுக்குள் கத்தினேன். கை பாதி தூரம் போய் நின்றது. அப்புறம் முழங்கால் மேல் இறங்கி அங்கேயே இருந்தது.

"இது யாருக்குத்தா?" என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. நல்லா இருக்கு என்பார், நேராக்குவார். கேட்டதில்லை.

அவள் பதில் சொன்னாள். உதடு அசைவதைப் பார்த்தேன். அதே நொடியில் வாசலில் ஆட்டோ வந்து நின்று, ஹாரன் அடித்து, ஒரு ஆட்டோவில் எத்தனை பிள்ளைகள் ஏற முடியுமோ அதைவிட இரண்டு பேர் கூடுதலாக இறங்கி, "கிருஷ்ணப்ரியா!" என்று கூவிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்கள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. விக்னேஸ்வரனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது ஒருமுறை குலுங்கியது. சிரிப்பில் குலுங்கியதா, மற்றதிலா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியாது.

முகேஷின் பேரைச் சொன்னாளா? பதில் அனுப்பாத அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் பேரையா? அல்லது, அளவே எடுக்காமல் கண்பார்வையிலேயே வெட்டிவிடக்கூடிய அளவுக்கு அவளுக்குப் பழக்கமான இன்னொரு தலை அந்த வீட்டில் இருந்ததா? நான் மறுநாள் கேட்டிருந்தால் இருவரில் ஒருவர் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

கைவினைகளுக்குப் பதிலாக நான் அனுப்பிய இதை அருள்முருகன் படித்துவிட்டு, "மேடம், எல்லாம் ஓகே. கடைசி மட்டும் அறுந்து நிக்குது. லேசா நேராக்கிட்டா போட்டுடலாம்" என்றார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை. இன்றோடு இரண்டு நாள் முடிகிறது.

அவள் சொன்ன பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்தான் இருக்கும், அறுபது வார்த்தையெல்லாம் தேவைப்படாது. எழுதியதும் தயவுசெய்து எனக்கு அனுப்பிவிடாதீர்கள். என் கை சும்மா இருக்காது.